நெய் குடித்த தரை

துரை வாயைத் திறந்தால் அந்தக் குடும்பத்தில் மற்றவர்கள் வாயை மூடிக்கொள்வது வழக்கம். அவர் கெட்டவர் இல்லை. தம்பி ஜீவானந்தத்தைப் படிக்க வைத்தவர், வேலை வாங்கிக் கொடுத்தவர், பெண் பார்த்துக் கல்யாணம் முடித்தவர். ஆனால் ஒரு நன்மை செய்துவிட்டு அடுத்த நன்மையைச் செய்யாமல் இருக்க முடியாது என்றொரு வியாதி உண்டே, அது அவருக்கு முற்றிப் போயிருந்தது. வண்டலூரில் டைல்ஸும் பைப்பும் விற்கிற கடை வேறு வைத்திருந்தார். தம்பி செம்பாக்கத்தில் வீடு கட்ட ஆரம்பித்ததும் அந்த வியாதிக்கு நல்ல தீனி கிடைத்தது.

தம்பி மனைவி சத்யப்ரியா சமையல் மேடை ஜன்னலோரம் வேண்டும் என்றாள். எதிர்ச் சுவரோரம் வந்தது. மாடிப்படியை வெளியே வைக்கலாம் என்றாள். ஹாலில் பாதியைத் தின்றுகொண்டு உள்ளே வந்தது. பாத்ரூமுக்கு வெறும் வெள்ளை டைல்ஸ் போதும் என்றாள். நீலத்தில், துள்ளுகிற டால்பின் படம் போட்டது வந்து இறங்கியது. ஒவ்வொரு தடவையும் ஜீவானந்தம், "அண்ணன் சொல்றாரும்மா" என்பான். சொல்லிவிட்டுச் சட்டையில் இல்லாத தூசியைத் தட்டுவான். அதோடு விஷயம் முடிந்தது.

கடைசியில் ஹால் தரை ஒன்றுதான் மிச்சம் இருந்தது. அதில் அவள் பிடித்த பிடியை விடவில்லை.

சத்யப்ரியா ஊரப்பாக்கம் ஸ்டேஷனுக்கு எதிர்ச் சந்தில் பியூட்டி பார்லர் நடத்துகிறவள். டைல்ஸ் இடுக்கில் சிக்கிய தலைமுடியைக் குச்சியால் நோண்டி எடுத்தே பாதி ஆயுளைக் கழித்தவளுக்கு, வீட்டுக்குப் போயும் அதே இடுக்குகளைப் பார்க்கப் பிடிக்கவில்லை. ஒரு கல்யாணப் பெண்ணுக்கு மேக்கப் போடப் போன வீட்டில் அந்தத் தரையைப் பார்த்தாள். ஹால் முழுக்க ஒரே தரை. ஒரு கோடு, ஒரு இடுக்கு கிடையாது. நல்ல டீ டிகாக்ஷனைக் கவிழ்த்து ஊற வைத்தது போல ஓரிடத்தில் அடர்த்தியாகவும் ஓரிடத்தில் இளசாகவும் பழுப்பு நிறம். பெண்ணுக்குக் கண் மை எழுதிக்கொண்டே விசாரித்தாள். சிமென்ட் தரைதான், அதற்கே சாயம் ஏற்றியிருக்கிறோம் என்றார்கள். அன்றைக்கே அவள் முடிவு செய்துவிட்டாள்.

துரை கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"தரைக்கு டை அடிக்கப் போறியா? ஏம்மா, வீடு கட்டி முடிக்கறதுக்குள்ள நரைச்சிடுச்சா அதுக்கு?"

கூடத்தில் இருந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் சிரித்தார்கள். சத்யப்ரியாவும் சிரித்தாள்.

"எனக்குத் தெரிஞ்ச தொழில் அதான் மாமா. என் கையால டை அடிச்ச தலை ஒண்ணுகூட திட்டு திட்டா வந்ததில்ல. தரை மட்டும் வந்துடுமா?"

"சரி, அடிச்சுப் பாரு. திட்டு விழுந்துச்சுன்னா மறுபேச்சு பேசக் கூடாது. நான் அனுப்பற டைல்ஸ்தான்."

"சரி மாமா."

அத்தனை பேர் எதிரில் சொன்ன வார்த்தை. சரியாக வந்தால் அந்த வீட்டில் ஒரு இடமாவது அவள் சொன்னபடி இருக்கும். வராவிட்டால் போவது தரை மட்டுமில்லை. இனி திரைச்சீலை வாங்குவதிலிருந்து பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது வரை அவள் எதைச் சொன்னாலும், "அந்தத் தரை மாதிரிதானே?" என்று ஒரு சிரிப்பு எழும். அதற்கு மேல் அவள் பேச்சு அங்கே எடுபடாது. இது அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் பயம் வரவில்லை. தன் கைத்தொழில் மேல் அவளுக்கு இருந்த நம்பிக்கை அப்படி.

வேலைக்கு தனசிங்கை வைத்துக்கொண்டாள். அந்த வீட்டுக்குப் பூச்சு வேலை செய்தவன் அவன்தான். கிழக்குத் தாம்பரத்துக்காரன், வேலையில் சுத்தம், பேச்சில் குறும்பு. முதலில் இருவருமாக உட்கார்ந்து, தரையில் ஒட்டிக் கிடந்த சிமென்ட் கட்டிகளையும் பெயின்ட் சொட்டுகளையும் பட்டைத் தகட்டால் சுரண்டி எடுத்தார்கள். சோப்புத் தூள் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். பிறகு தண்ணீரில் கலந்த ஆசிட்டைப் பரப்பித் தரையின் மேல்தோலை லேசாகக் கரைக்க வேண்டும். அப்போதுதான் சிமென்டின் துளைகள் திறந்து சாயத்தைக் குடிக்கும். கடைசியில் சோடா உப்புத் தண்ணீர் ஊற்றி ஆசிட்டை அடக்கி, நன்றாக அலசிக் காய விட வேண்டும். இதையெல்லாம் அவள் தனசிங்குக்கு ஒரு தடவைதான் சொன்னாள்.

"ஷாம்பு போட்டு, தலைய தொடச்சி, அப்பால கலரு. அவ்ளோதானக்கா?" என்றான்.

"அவ்ளோதான். மாஸ்க் போட்டுக்க, ஜன்னல் எல்லாத்தையும் தொறந்து வை. தண்ணில ஆசிட்ட ஊத்து, ஆசிட்டுல தண்ணிய ஊத்திடாத."

கழுவுகிற அன்று பார்லரில் ஒரு நிச்சயதார்த்தப் பெண் காத்திருந்ததால் அவளால் நிற்க முடியவில்லை. தனசிங் தனியாகவே முடித்தான். மறுநாள் வந்து பார்த்தபோது தரை பளிச்சென்று காய்ந்திருந்தது. கதவோரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டாள். தரை உடனே உறிஞ்சியது. மாடிப்படியோரம் ஒரு சொட்டு. அதுவும் போயிற்று. திருப்தியாக எழுந்துவிட்டாள். பார்லர் பழக்கம் அது. டை அடிக்கும் முன் காதுக்குப் பின்னால் ஓரமாக ஒரு சொட்டு வைத்துப் பார்ப்பார்கள், நடுமண்டையில் வைத்துப் பார்ப்பதில்லை. தலைக்குச் சரிதான். தரைக்குக் காது கிடையாது என்பதை அவள் யோசிக்கவில்லை.

சாயத்தை ஸ்பிரேயரில் நிரப்பி, உள்சுவரிலிருந்து வாசலை நோக்கிப் பின்னாலேயே நகர்ந்து அடித்துக்கொண்டு வந்தாள். சாம்பல் நிறத் தரை அவள் கண்ணெதிரே பழுப்பாக மாறியது. சுவரோரம் அழகாக இறங்கியது. மாடிப்படியின் கீழே இன்னும் அழகு. ஜீவானந்தம் வாசலில் நின்று, "சூப்பரா இருக்கே!" என்று வாயைப் பிளந்தான். அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை.

ஹாலின் நடுவுக்கு வந்ததும் சாயம் முத்து முத்தாக நின்றது.

தாமரை இலையில் விழுந்த தண்ணீர் போல அங்குமிங்கும் ஓடியது. அடித்து முடித்துக் காத்திருந்து பார்த்தபோது நட்ட நடு ஹாலில் ஒரு கட்டில் அகலத்துக்குச் சாம்பல் நிறச் சதுரம், அதிலிருந்து சமையலறைப் பக்கம் நாக்கு நீட்டியதுபோல் ஒரு வழிசல். சுற்றிலும் பட்டுப்போலப் பழுப்பு. நடுவில் சொட்டை.

சத்யப்ரியா தனசிங்கைப் பார்த்தாள். அவன் வேறு பக்கம் பார்த்தான்.

"தனசிங், இங்க சோப்பு போட்டியா இல்லையா?"

"அக்கா..."

"சொல்லு."

"அது ஓமம் வளத்த எடமாச்சேக்கா. செங்கல் அடுக்கிக் குட்த்ததே நான்தான? உங்க சாமி வந்துட்டுப் போன எடத்துல ஆசிட்ட ஊத்த எனக்கு மனசு வர்ல. எங்க சர்ச்சுல ஆல்டர் மேல எவனாச்சும் ஆசிட் ஊத்துனா நான் சும்மா வுடுவனா? அதான் ஈரத்துணி போட்டு மரியாதையா தொடச்சி வுட்டுட்டேன்."

அப்போதுதான் அவளுக்கு எல்லாம் விளங்கியது. வைகாசியில் வீடு பாதி கட்டியிருக்கும்போதே கிரகப்பிரவேசம் நடந்தது. ஆனி, ஆடி வந்துவிடும், நல்ல நாள் போய்விடும் என்று துரை பறந்தார். தரை போடாவிட்டால் என்ன, பசுமாடும் ஓமமும் இருந்தால் போதும் என்று வெறும் சிமென்டிலேயே ஓமம் வளர்த்தார்கள். ஊற்றிய நெய்யைத் தரை குடித்திருக்கிறது. எண்ணெய்த் தலையில் டை பிடிக்குமா?

தனசிங்கைத் திட்ட வேண்டும் என்றுதான் வாயெடுத்தாள். அவன் முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை. அவளுடைய சாமிக்கு அவள் காட்டாத மரியாதையை அவன் காட்டியிருக்கிறான். அதற்காக ஒருவனை எப்படித் திட்டுவது? "இனிமே எதுவானாலும் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடு" என்று மட்டும் சொன்னாள்.

சொல்லி முடிப்பதற்குள் வாசலில் துரையின் புல்லட் சத்தம் கேட்டது. அவள் திரும்பிக் கணவனைப் பார்த்தாள்.

"எப்படி வந்திருக்குன்னு கேட்டாரும்மா. அப்பவே போட்டோ எடுத்து அனுப்பிட்டேன்" என்றான் ஜீவானந்தம்.

அவளுக்குத் துரை மேல் கோபம் வரவில்லை. அவர் அவராக இருக்கிறார். தாலி கட்டிய இந்த மனுஷன் எப்போதுதான் இவராக இருக்கப் போகிறார் என்று நெஞ்சு எரிந்தது.

துரை உள்ளே எட்டிப் பார்த்தார். முகத்தில் வருத்தம் மாதிரி ஒன்றைக் கொண்டுவர முயன்றார், வரவில்லை.

"பாத்தியா சத்யா? வேற எங்கயும் இல்ல, கரெக்டா ஓமம் வளத்த எடத்துல. அக்னி பகவான் நின்ன தரைம்மா அது. பெயின்ட் அடிக்க விடுவாரா? தெய்வமே வேணாம்னு சொல்லுது."

"தெய்வம் ஒண்ணும் சொல்லல மாமா. நெய் சொல்லுது. எண்ணெய எடுத்துட்டா பிடிச்சிடும். நல்லா தேச்சி, ஆசிட் போட்டுட்டு, திரும்ப அடிக்கப் போறேன்."

"ஓமம் வளத்த எடத்துல ஆசிட்டா!" துரை காதைப் பொத்தாத குறை. "வாத்தியாரையே கேட்டுடறேன். அவர் சொன்னாவாச்சும் கேப்பியா?"

கிரகப்பிரவேசம் நடத்தி வைத்த யக்ஞநாராயண வாத்தியாருக்குப் போன் போட்டார். எல்லாரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தார். அவள் அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. வாளியில் சோப்புத் தூளைக் கொட்டிக் கலக்க ஆரம்பித்திருந்தாள்.

துரை விஷயத்தைக் கொஞ்சம் காரம் சேர்த்தே சொன்னார். வாத்தியார் சாவதானமாகக் கேட்டார்.

"அக்னியை அன்னிக்கே மந்திரம் சொல்லி யதாஸ்தானம் பண்ணி அனுப்பியாச்சே. அப்புறம் அது வெறும் தரைதான். பேஷா அலம்பிக்கலாம். அலம்பாம வெச்சிருந்தாத்தான் தப்பு."

"இல்ல சாமி, ஆசிட்..."

"எதைப் போட்டு அலம்பினா என்ன? அது சரி, பூர்ணாஹுதிக்கு நெய் ஒரு கரண்டி விட்டாப் போறும்னு நான் சொல்லச் சொல்ல, நீங்கன்னா டின்னோட சாய்ச்சேள்! செங்கல்லைத் தாண்டி வழிஞ்சு சமையலறை வரைக்கும் ஓடித்தே. அதையாவது அன்னிக்குத் துடைச்சேளோ?"

தனசிங் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது. துரை ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, "சரி சாமி, சரி சாமி" என்று வாசலுக்குப் போனார். ஆனால் அவர் அவ்வளவு சுலபமாகத் தோற்கிற ஆள் இல்லை. திரும்பி வந்தபோது குரல் பழையபடி ஆகியிருந்தது.

"வாத்தியார் சொல்றது இருக்கட்டும். எம்மேல எரிச்சல்ல ஹாலைப் பாழாக்கிடாத. திட்டு விழுந்தா டைல்ஸ்னு நீயே ஒத்துக்கிட்ட. விழுந்துடுச்சு. நாளைக்கு லோடு வரும்."

"நாளைக்கு ஒரு நாள் டைம் குடுங்க மாமா. சாயங்காலம் வந்து பாருங்க. அப்பவும் திட்டு இருந்தா, நானே டைல்ஸ் போடச் சொல்றேன்."

துரை தம்பியைப் பார்த்தார். தம்பி தரையைப் பார்த்தான். துரை தலையை ஒரு மாதிரி ஆட்டிவிட்டுப் போனார். அது சரி என்ற ஆட்டமா, முடியாது என்ற ஆட்டமா என்று யாருக்கும் புரியவில்லை.

வாசல் வெறிச்சோடியதும் சத்யப்ரியா முழங்காலிட்டுத் தேய்க்கத் தொடங்கினாள். மேலே இருந்த நெய் நுரையோடு வந்தது. உள்ளே இறங்கியது வரவில்லை. காயவைத்துச் சொட்டு விட்டுப் பார்த்தால் தண்ணீர் இன்னும் முத்தாக நின்றது. அப்போதுதான் அவளுக்குத் தோன்றியது. எண்ணெய் வழிகிற முகத்தோடு வருகிறவர்களுக்கு அவள் என்ன செய்வாள்? சோப்புப் போட்டு மட்டுமா அனுப்புவாள்?

ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு பார்லருக்குப் போனாள். அலமாரியில் இருந்த முல்தானி மிட்டிப் பொட்டலங்கள் அத்தனையையும் பையில் போட்டுக்கொண்டு வந்தாள். அந்த மண்ணுக்கு எண்ணெயைக் கண்டால் விடாத குணம். முகத்துக்குப் பன்னீரில் குழைப்பாள். தரைக்கு தனசிங்கிடம் இருந்த பெயின்ட் தின்னரில் குழைத்தாள். ஊத்தப்பம் கனத்துக்கு அந்தச் சதுரம் முழுக்கப் பூசி, வழிசலையும் விடாமல் மூடி, மேலே பாலித்தீன் தாளை விரித்து ஓரங்களை டேப்பால் ஒட்டினாள்.

"இன்னாக்கா, ஃபேஸ் பேக்கா?" என்றான் தனசிங். "கண்ணுக்கு ரெண்டு வெள்ளரிக்கா வட்டம்தான் பாக்கி கீது."

"நாளைக்கு எடுக்கும்போது பாரு, முகம் எப்படி இருக்குன்னு" என்றாள். மனசு பழையபடி லேசாகிவிட்டது.

மறுநாள் காலையில் ஜீவானந்தம் ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டான். ஏன் என்று அவள் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. பாலித்தீனைப் பிரித்தபோது வெளுப்பாகப் பூசிய மண் மஞ்சள் பாரித்து, பொருக்குப் பொருக்காக எழும்பியிருந்தது. முகர்ந்து பார்த்தால் பழைய நெய் நாற்றம். கூட்டி அள்ளி, சுடுதண்ணீரில் சோப்புப் போட்டு இன்னொரு தடவை தேய்த்து அலசினார்கள். ஆசிட் வாளியைக் கையில் எடுத்த தனசிங் ஒரு கணம் கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தான்.

"குடு, நான் ஊத்தறேன்" என்று வாளியை வாங்கிக்கொண்டாள். அவன் மனசுக்கு விரோதமான வேலையை அவன் தலையில் கட்ட அவளுக்கு இஷ்டமில்லை.

ஊற்றியதும் சதுரம் முழுக்கப் பொங்கி நுரைத்தது. நெய் போய்விட்டது, ஆசிட் இப்போது சிமென்டைத் தொடுகிறது என்று அர்த்தம். சோடா உப்புத் தண்ணீர் விட்டு அடக்கி, அலசி, துணியால் ஒற்றினார்கள். ஜீவானந்தம் டேபிள் ஃபேனை எடுத்து வந்து அந்த இடத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றான். காய்ந்ததும் அவள் தண்ணீர்ச் சொட்டு விட்டாள். இந்தத் தடவை நடுவில், ஓரத்தில், வழிசலில், ஒரு இடம் பாக்கியில்லாமல் விட்டாள். எல்லாவற்றையும் தரை மடக்கென்று குடித்தது.

ஸ்பிரேயரில் சாயத்தை நிரப்பினாள். இதில் ஒரு சிக்கல் உண்டு. ஆரம்பித்தால் நடுவில் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் அடித்த ஓரம் காய்ந்துவிடும், மறுபடி தொடங்குகிற இடத்தில் கோடு விழும். அந்தக் கோடு அப்புறம் ஜென்மத்துக்கும் போகாது. மூச்சை ஒரு தடவை இழுத்து விட்டுக்கொண்டு ஆரம்பித்தாள்.

பாதிச் சதுரம் வந்திருப்பாள். வெளியே லாரி ஹாரன் அடித்தது.

"ஜீவானந்தம் சார் வூடு இதானே? துரை சார் கடைலேர்ந்து டைல்ஸ் லோடு. எங்க எறக்கறது?"

சாயங்காலம் ஆகவில்லை. மத்தியானம்கூட ஆகவில்லை. சத்யப்ரியாவுக்கு உடம்பெல்லாம் கொதித்தது. எழுந்து போய் நாலு கேள்வி கேட்க வேண்டும் போல இருந்தது. எழுந்தால் கோடு விழும். கோடு விழுந்தால் லாரிக்காரன் இறக்க வேண்டியதுதான். மண்டியிட்டபடியே கையை நகர்த்திக்கொண்டிருந்தாள். ஜீவானந்தம் ஃபேனைக் கீழே வைத்துவிட்டு வெளியே போவது காதில் விழுந்தது. அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தாள். இறக்கிவிட்டு வந்து, "அண்ணன் சொல்றாரும்மா" என்பான்.

"எறக்காதீங்க" என்றது ஜீவானந்தத்தின் குரல்.

"சார், ஓனர் கண்டிசனா சொல்லிக்கீறாரு. இன்னிக்கே எறக்கிட்டு வரணுமாம். என்னை பேஜார்ல மாட்டி வுடாதீங்க."

"இருங்க. நான் பேசறேன்."

ஜன்னல் வழியாக அவன் போனில் பேசுவது மட்டும் கேட்டது.

"அண்ணா, லோடு வந்திருக்கு... இல்லண்ணா, எறக்கல. திருப்பி அனுப்பறேன்... ஆமா... இல்ல, இன்னும் முடியல, அடிச்சிட்டிருக்கா... பிடிக்குமா பிடிக்காதான்னு எனக்குத் தெரியாதுண்ணா."

சத்யப்ரியாவின் கை நிற்கவில்லை. ஆனால் கண் ஜன்னலுக்குப் போய்விட்டது.

"பிடிக்கலன்னா வேற கலர் அடிப்பா. இல்லாட்டி திட்டோடவே விடுவா. அது அவ இஷ்டம்... பந்தயம் எல்லாம் இருக்கட்டும்ண்ணா. அவ வீட்டுல அவ எதுக்குண்ணா பந்தயம் கட்டி ஜெயிக்கணும்? இத நான் அன்னிக்கே சொல்லியிருக்கணும், சொல்லல... டைல்ஸ் வேணாம்... கோச்சுக்காதீங்க. ஞாயித்துக்கிழம அண்ணியோட சாப்பிட வாங்க. தரைலதான் ஒக்காரணும், சேர் இன்னும் வாங்கல."

லாரி பின்னால் நகர்கிற சத்தம் கேட்டது. சத்யப்ரியாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் மேல் இவ்வளவு ஆசை வந்ததில்லை. சமையலறைப் பக்க வழிசலின் கடைசி ஓரம் வரை அடித்து முடித்து, சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

ஜீவானந்தம் வாசலில் வந்து நின்றான். யாரிடமோ அடி வாங்கி வந்தவன் மாதிரி முகம் சிவந்திருந்தது.

"பிடிச்சிடுச்சா?" என்றான்.

"பாக்கலயே" என்றாள்.

உண்மையாகவே பார்க்கவில்லை. அப்போதுதான் திரும்பிப் பார்த்தாள். சதுரத்தையும் காணோம், நாக்கையும் காணோம். சுவரிலிருந்து சுவர் வரை ஒரே பழுப்பு. நடுவில் மட்டும் ஒரு சாயல் கூடுதலாக, டிகாக்ஷனின் அடிவண்டல் போல அடர்ந்திருந்தது. தேடிப் பார்க்கிறவருக்குத்தான் தெரியும். துரை தேடுவார். தேடட்டும்.

"அக்கா, சும்மா சொல்லக் கூடாது, ஷோக்கா கீது!" என்றான் தனசிங் சமையலறையிலிருந்து.

ஜீவானந்தம் சிரித்துக்கொண்டே உள்ளே வரக் காலைத் தூக்கினான்.

"காயல. அங்கயே நில்லுங்க" என்றாள் சத்யப்ரியா.

தூக்கிய காலை அவன் அப்படியே பின்னால் வைத்தான்.